வலி போய்விட்டது, பயிற்சி வீணாகிறதா?

கேள்வி: எனக்கு 41 வயது. மூன்று மாதமாக உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போகிறேன். முதல் இரண்டு வாரம் தொடை, மார்பு, கை எல்லாம் வலித்தன. இப்போது வலியே இல்லை. தூக்கும் எடை கூடியிருக்கிறது. ஆனால் பயிற்சியாளர், "வலிக்கவில்லை என்றால் தசை வளரவில்லை, லாக்டிக் அமிலம் தேங்கிக் கிடக்கிறது" என்கிறார். வாரம் ஒரு முறை எல்லாப் பயிற்சிகளையும் மாற்றச் சொல்கிறார். அமிலத்தை வெளியேற்ற ஒரு பவுடரும் வாங்கச் சொல்கிறார். என்ன செய்யட்டும்?

பதில்: பவுடரை வாங்காதீர்கள். பயிற்சியை மாற்றாதீர்கள். தூக்கும் எடை கூடியிருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பயிற்சி பலிக்கிறது என்பதற்கு அதைவிட என்ன சாட்சி வேண்டும்?

இந்த லாக்டிக் அமிலக் கதையை எத்தனை முறை மறுத்தாலும் அது ஓய்வதில்லை. கடுமையாக உழைக்கும் தசை சர்க்கரையை அவசரமாக உடைக்கும்போது லாக்டேட் உண்டாகிறது; லாக்டிக் அமிலம் என்று அவர் சொல்வது இதைத்தான். அது கழிவு அல்ல. இதயம் அதை எரிபொருளாக எடுத்துக்கொள்கிறது. கல்லீரல் அதை மறுபடி சர்க்கரையாக்குகிறது. பயிற்சி முடிந்து ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் அதன் அளவு பழைய நிலைக்கு வந்துவிடும். தசைவலியோ மறுநாள்தான் தலைகாட்டும். 24 முதல் 72 மணி நேரத்துக்குள் உச்சத்துக்குப் போகும். நேற்றே கரைந்துபோன பொருள் நாளை மறுநாள் எப்படி வலிக்க வைக்கும்?

நீங்களே சோதித்துப் பார்க்கலாம். மலை ஏறும்போது மூச்சு வாங்கும், லாக்டேட் எகிறும். இறங்கும்போது இரண்டும் குறைவு. ஆனாலும் இரண்டு நாள் தொடையைப் பிடித்துக்கொண்டு நடக்க வைப்பது பெரும்பாலும் இறக்கம்தான். இறங்கும் ஒவ்வோர் அடியிலும் முன்தொடைத் தசை உடலைத் தாங்கிப் பிடித்தபடியே நீள்கிறது. இப்படிச் சுமையோடு நீளும்போது தசை இழைகளுக்குள் கண்ணுக்குத் தெரியாத சிதைவுகள் ஏற்படுகின்றன. உடல் அவற்றைச் சரிசெய்யத் தொடங்கும்போது சிறு அழற்சி உண்டாகி, அங்குள்ள நரம்பு முனைகள் கூருணர்வு பெறுகின்றன. அதுதான் அந்த வலி. எடையை மெல்லக் கீழே இறக்கும்போதும், குந்தி உட்காரும்போதும் நடப்பது இதுவே.

ஒரே வேலையை ஓரிரு முறை செய்த தசை அடுத்த முறை அதே அளவு சிதைவதில்லை. அந்தப் பாதுகாப்பு பல வாரங்கள் நீடிக்கும். உங்களுக்கு வலி நின்றது இதனால்தான். வாராவாரம் பயிற்சியை மாற்றினால் தசைக்கு எல்லாமே புதிது, மறுபடி வலிக்கும். "பார்த்தீர்களா, வேலை செய்கிறது" என்று பயிற்சியாளர் சொல்லிவிடலாம். எந்தப் பயிற்சியிலும் எடை ஏறியிருக்காது, ஆனால் சந்தா மட்டும் புதுப்பிக்கப்பட்டிருக்கும். இந்த வித்தையில் மாதக்கணக்கில் ஏமாந்தவர்களைப் பார்த்துப் பார்த்து எனக்குப் பொறுமை போய்விட்டது.

முதல் சில வாரங்களில் கூடும் வலிமையில் பெரும்பங்கு நரம்புகளின் கைவரிசை. அதிகமான தசை இழைகளை ஒரே நேரத்தில் வேலைக்கு அழைக்க மூளை கற்றுக்கொள்கிறது. தசை பருமனாவது மெதுவாக நடக்கும். கண்ணாடியில் தெரிவதற்குப் பலருக்கு இரண்டு மூன்று மாதங்களுக்கு மேலும் ஆகும். வலியும் நின்று, மாற்றமும் கண்ணில் படாத இந்த இடைவெளியில்தான் பவுடர் டப்பா மேசைக்கு வருகிறது. விற்பவருக்கு அதில் கமிஷன் உண்டா என்று நேரடியாகக் கேளுங்கள். மருந்தை விற்க அதன் பயனை நிரூபிக்க வேண்டும். பல நாடுகளில் இத்தகைய பவுடர்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. சில நாள் வகுப்பில் சான்றிதழ் வாங்கியவர் உடலியல் நிபுணர் போலப் பேசுவதையும் யாரும் தடுப்பதில்லை.

ஒரே ஒரு வலியை மட்டும் நான் இவ்வளவு எளிதாக விடமாட்டேன். பழக்கமில்லாதவரோ, நீண்ட இடைவெளிக்குப் பின் திரும்பியவரோ, முதல் நாளே நூற்றுக்கணக்கில் குந்தி எழுந்தால் தசை இழைகள் பெருமளவில் உடைந்துபோகக்கூடும். அவற்றிலிருந்து கசியும் மயோகுளோபின் என்ற புரதம் இரத்தம் வழியாகச் சிறுநீரகத்துக்குப் போய் அதைப் பழுதாக்கலாம். வெயிலும் உடலில் நீர் வற்றுவதும் ஆபத்தைக் கூட்டும். சிறுநீர் கறுத்த தேநீர் நிறத்தில் போகிறதா? தசை கல்லாக வீங்கியிருக்கிறதா? கையை மடக்கவோ காலை ஊன்றவோ முடியாத அளவுக்குப் பலம் குன்றியிருக்கிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். மூன்றும் சேர்ந்து வரும் என்று காத்திருக்காதீர்கள்; பலருக்குச் சேர்ந்து வருவதில்லை. சிறுநீரின் நிறம் மாறாமலேயே உடைந்த தசையிலிருந்து கசியும் கிரியேட்டின் கைனேஸ் என்ற நொதி இரத்தத்தில் பலமடங்கு உயர்ந்திருக்கலாம். மருத்துவரிடம் என்ன பயிற்சி, எத்தனை முறை, எப்போது செய்தீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். "முதல் நாள் அப்படித்தான் இருக்கும், நாளையும் வாருங்கள்" என்று சொல்லும் பயிற்சியாளரின் பேச்சை அந்த நேரத்தில் கேட்கவே கூடாது.

மூட்டுக்குள் சுரீரென்று குத்தும் வலி இருந்தால் அந்தப் பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.

மற்றபடி, இப்போது செய்யும் ஐந்தாறு பயிற்சிகளையே இன்னும் எட்டு வாரம் தொடருங்கள். ஒவ்வொரு தசைக்கும் வாரம் இரண்டு நாள், நடுவில் இரண்டு நாள் இடைவெளி. எடையையும் எண்ணிக்கையையும் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். குறித்த எண்ணிக்கையைவிட இரண்டு முறை கூடுதலாக, நிலை குலையாமல் தூக்க முடிந்தால், கிடைக்கும் மிகச்சிறிய எடையை ஏற்றுங்கள். பயிற்சியாளர் மறுபடி வலியைப் பற்றிக் கேட்டால் அந்த நோட்டைத் திறந்து காட்டுங்கள்.