மாதவிடாய் நின்ற பிறகு ஹார்மோன் மருந்து எடுத்தால் கேன்சர் வருமா?

கேள்வி கேட்டவருக்கு 49 வயதாம். ராத்திரியில் தூக்கமில்லை, டாக்டர் ஹார்மோன் எழுதிக் கொடுத்துவிட்டார், நாத்தனாரோ மார்பில் கேன்சர் வரும், தொடாதே என்கிறாராம். நான் டாக்டர் இல்லை. தண்டையார்பேட்டையில் ப்ளவுஸ் தைக்கிற டெய்லர், வயது 51. இரண்டரை வருஷமாக அந்த மருந்தை எடுத்துக்கொண்டிருக்கிறேன், அந்த உரிமையில் எழுதுகிறேன்.

என் கடைக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரை. அதனால் முதலில் வேர்த்துக் கொட்டியபோது வெயில் என்றே நினைத்துக்கொண்டேன். டிசம்பரில், வெளியே மழை ஊற்றும்போதும் தலைமுடி நனைகிற அளவுக்கு வேர்த்தபோதுதான் இது வேறு என்று புரிந்தது. இட்லிப் பானை மூடியைத் திறந்தால் முகத்தில் ஆவி அடிக்குமே, அது உள்ளேயிருந்து அடித்தால் எப்படியிருக்கும், அப்படி. இரண்டு மூன்று நிமிஷம்தான், ஆனால் ராத்திரியில் மட்டும் ஐந்தாறு தடவை வரும், ஒவ்வொரு தடவையும் எழுந்து உட்கார்ந்து, நைட்டியை மாற்றி, மறுபடி படுத்தால் விடிந்திருக்கும். தூக்கம் கெட்டால் புத்தியும் கெடும் இல்லையா? ஒரு கல்யாணப் பெண்ணின் முகூர்த்த ப்ளவுஸுக்கு இரண்டு கையையும் ஒரே பக்கத்துக்கு வெட்டிவிட்டேன். முப்பது வருஷத் தொழிலில் செய்யாத தப்பு. அன்றைக்குக் கடையை மூடிவிட்டு அழுதேன்.

முதலில் போன நர்சிங் ஹோமில் தைராய்டு பார்த்தார்கள், சரியாக இருந்தது. "இந்த வயசுல எல்லாருக்கும் இருக்கறதுதாம்மா, பொறுத்துக்கோங்க" என்று கால்சியமும் தூக்க மாத்திரையும் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். ஆறு மாசம் பொறுத்துக்கொண்டேன், வேறென்ன செய்ய. அப்புறம் ஒரு கஸ்டமர் சொல்லி இன்னொரு மகப்பேறு டாக்டரம்மாவிடம் போனேன். அவர் மருந்துச் சீட்டையே தொடாமல் கேள்வியாகக் கேட்டார். கடைசியாக மாதவிடாய் வந்து எத்தனை மாசம், கர்ப்பப்பை இருக்கிறதா, அம்மாவுக்கோ அக்காவுக்கோ மார்பகப் புற்றுநோய் இருந்ததா, காலில் ரத்தக்கட்டு வந்திருக்கிறதா, பக்கவாதம், மாரடைப்பு, ஈரல் கோளாறு ஏதாவது உண்டா, நின்ற பிறகு எப்போதாவது ரத்தம் பட்டதா. மாமோகிராம் என்கிற மார்பக எக்ஸ்ரே, வயிற்று ஸ்கேன், பிரஷர், கொழுப்பு எல்லாம் பார்த்த பிறகுதான் எழுதினார். உங்கள் டாக்டர் இதையெல்லாம் கேட்டாரா? கேட்கவில்லை என்றால் நாத்தனாரை விடுங்கள், முதலில் வேறு டாக்டரைப் பாருங்கள்.

கேன்சர் பயம் எங்கிருந்து வந்தது என்றும் அவரே சொன்னார். 2002-இல் அமெரிக்காவில் பெரிய ஆராய்ச்சி ஒன்றைப் பாதியில் நிறுத்தினார்கள். 16,608 பெண்கள், 50 முதல் 79 வயது வரை, சராசரி வயது 63. கவனியுங்கள், 63. உடம்பு கொதிக்கிற வயதைத் தாண்டிப் பல வருஷம் ஆனவர்கள்தான் அதில் நிறைய. ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்ட்ரான் இரண்டும் மாதவிடாய் நிற்கும்போது நம் உடம்பில் குறைந்துபோகிற பெண் ஹார்மோன்கள். அந்த ஆராய்ச்சியில் கொடுத்தது சினைக்குதிரையின் சிறுநீரிலிருந்து எடுத்த ஈஸ்ட்ரோஜனும் செயற்கைப் புரோஜெஸ்ட்ரானும் கலந்த மாத்திரை. மருந்து எடுக்காத பத்தாயிரம் பேரில் வருஷத்துக்கு 30 பேருக்கு மார்பகப் புற்றுநோய் வந்தது, எடுத்தவர்களில் 38 பேருக்கு. அந்த எட்டுப் பேரைச் சும்மா என்று ஒதுக்க மாட்டேன், அதில் ஒருத்தி நானாக இருந்தால் எனக்கு அது முழுசு. ஆனால் "எடுத்தால் கேன்சர்" என்று நாத்தனார் சொல்வதற்கும் பத்தாயிரத்தில் எட்டு என்பதற்கும் எவ்வளவு தூரம். கர்ப்பப்பை எடுத்த பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் மட்டும் கொடுத்த இன்னொரு பிரிவில் மார்பகப் புற்றுநோய் கூடவில்லை, பக்கவாதம்தான் கூடியது. அது யார் காதிலும் விழவில்லை.

இப்போது டாக்டர்கள் பார்ப்பது வயதையும், நின்று எத்தனை வருஷம் என்ற கணக்கையும்தான். அறுபதுக்குள், அல்லது மாதவிடாய் நின்று பத்து வருஷத்துக்குள் ஆரம்பித்தால் பெரும்பாலானவர்களுக்கு நன்மையே அதிகம். கர்ப்பப்பை இருந்தால் ஈஸ்ட்ரோஜனோடு புரோஜெஸ்ட்ரானும் கட்டாயம், இல்லாவிட்டால் கர்ப்பப்பையின் உள்சுவர் தடித்து அங்கே கேன்சர் வரலாம். எனக்கு ஈஸ்ட்ரோஜன் ஜெல், ராத்திரிக்குப் புரோஜெஸ்ட்ரான் கேப்ஸ்யூல். மாத்திரையாக விழுங்கினால் ஈரல் வழியாகப் போய் ரத்தம் உறையும் தன்மையைக் கூட்டும், தோல் வழியாகப் போனால் அந்தத் தொல்லை இல்லை என்பதால் ஜெல். குளித்துவிட்டு மேல்கையில் தடவி, காயும்வரை கையை விரித்துக்கொண்டு நிற்பேன். பேரன் ஓடிவந்து கட்டிக்கொள்வான், "கம்முனு அங்கயே இருடா" என்று கத்துவேன், அவன்மேல் ஒட்டக்கூடாது.

முதல் மாசம் மார்பு கனத்து வலித்தது, லேசாக ரத்தம் பட்டது, பயந்துதான் போனேன். டாக்டரம்மா ஆரம்பத்தில் இப்படி இருக்கும், ஆனால் ஆறு மாசத்துக்கு மேலும் பட்டாலோ, நின்று மறுபடி வந்தாலோ உடனே வா என்றார். மூன்றாவது வாரத்தில் ஒரு நாள் விடிய விடியத் தூங்கியிருந்தேன். பால்காரர் கதவைத் தட்டித்தான் எழுந்தேன்.

வெட்கப்படாமல் இதையும் சொல்லிவிடுகிறேன். உங்களுக்குப் பிறப்புறுப்பில் வறட்சி, எரிச்சல், அடிக்கடி நீர்க்கடுப்பு மட்டும்தான் தொல்லை என்றால் இவ்வளவும் வேண்டாம், உள்ளே தடவுகிற ஈஸ்ட்ரோஜன் கிரீம் போதும், ரத்தத்தில் கலப்பது மிகமிகக் குறைவு.

எனக்குச் சிரிப்பு வருவது எதற்குத் தெரியுமா? ஆடி மாசம் ஆனால் என் கடைக்கு வருகிற பாதிப் பேர் மாதவிடாயைத் தள்ளிப்போடும் மாத்திரை பற்றித்தான் பேசுவார்கள். கூழ் ஊற்றுகிற அன்றைக்கு வந்துவிடக்கூடாதாம். மெடிக்கலில் சீட்டில்லாமல் வாங்கி ஒரு நாளைக்கு மூன்று என்று போடுவார்கள், மொத்தம் 15 மில்லிகிராம். அதுவும் ஹார்மோன்தான். அதே மருந்தை மாதவிடாய் நின்றவர்களுக்கான சிகிச்சையில் சேர்த்தால் 1 மில்லிகிராம் அளவில்தான் கொடுப்பார்கள். அப்போதெல்லாம் எந்த நாத்தனாரும் கேன்சர் என்று சொல்வதில்லை.

என் வயிற்றெரிச்சல் அக்காவை நினைத்துத்தான். கொருக்குப்பேட்டையில் இருக்கிறாள். 38 வயதில் உதிரப்போக்கு என்று ஆபரேஷனுக்குப் போனவளுக்குக் கர்ப்பப்பையோடு, ஈஸ்ட்ரோஜன் சுரக்கிற இரண்டு சினைப்பையையும் சேர்த்தே எடுத்துவிட்டார்கள். இயற்கையாக நிற்க வேண்டிய வயது வரைக்குமாவது அவளுக்கு ஈஸ்ட்ரோஜன் கொடுத்திருக்க வேண்டும், எலும்புக்கும் இதயத்துக்கும் அது தேவை. ஒருத்தரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. போன வருஷம் பாத்ரூமில் லேசாக வழுக்கி மணிக்கட்டு முறிந்தது. இப்போது அவளுக்கு 56. என் கதையைக் கேட்டுவிட்டு "எனக்கும் அந்த ஜெல்ல வாங்கித் தாயேன்டீ" என்றாள். கூட்டிப்போனேன். பதினெட்டு வருஷம் ஆகிவிட்டதம்மா, இனிமேல் ஆரம்பிப்பதில் ஆபத்து அதிகம் என்று டாக்டரம்மா எலும்புக்கான மாத்திரை எழுதினார். வாரம் ஒன்று, வெறும் வயிற்றில், ஒரு டம்ளர் தண்ணீரோடு, அரை மணி நேரம் படுக்கக்கூடாது. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு அதைப் போட்டுக்கொண்டு, அந்த அரை மணி நேரமும் எனக்குப் போன் போட்டுப் பேசிக்கொண்டிருப்பாள்.