ஏரோஸ்பேஸ் சீட்டுக்கு முன்பணம் கட்டும் முன்

வணக்கம் அம்மா. போடியிலிருந்து நீங்கள் எழுதியது கிடைத்தது. 2018 மார்ச் 11 அன்று குரங்கணியில் மலையேற வந்தவர்களில் 20-க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட தீ உங்கள் பக்கத்தில் யாருக்கும் மறந்திருக்காது. அந்த ஊர்ப் பெண்ணான உங்கள் மகள், செயற்கைக்கோள் வழியாகக் காட்டுத்தீயைக் கண்காணிக்கும் வேலைக்குப் போக ஆசைப்படுவதில் வியப்பில்லை. அதற்கு ஏரோஸ்பேஸ், அதாவது விமானமும் விண்கலமும் வடிவமைக்கும் பொறியியல்தான் படிக்க வேண்டும் என்று யாரோ சொன்னதை நம்பி, தனியார் கல்லூரியில் பெரிய தொகை கட்டப் பார்க்கிறீர்கள். கொஞ்சம் பொறுங்கள்.

செயற்கைக்கோளைக் கட்டுவது ஒரு வேலை. அது அனுப்புவதைப் படித்துப் பொருள் சொல்வது வேறு வேலை. உங்கள் மகள் கேட்பது இரண்டாவதை.

அது எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். அமெரிக்கச் செயற்கைக்கோள்களில் உள்ள 'வியர்ஸ்' என்ற கருவி, தரையின் வெப்பத்தை அகச்சிவப்புக் கதிரில் பார்க்கிறது. பக்கத்துக்கு 375 மீட்டர் உள்ள சதுரம் ஒன்று சுற்றுப்புறத்தைவிட அதிகமாகச் சுட்டால் அது தீப்புள்ளி. டேராடூனில் உள்ள இந்திய வன ஆய்வு நிறுவனம் அந்தப் புள்ளிகளை வனப்பகுதி எல்லைகளோடு பொருத்தி, வனத்துறையினரின் கைபேசிக்குக் குறுஞ்செய்தி அனுப்புகிறது. புள்ளி உண்மையில் காட்டில்தான் இருக்கிறதா, பக்கத்துத் தோட்டத்தில் சருகு எரித்ததா, எத்தனை ஹெக்டேர் கருகியது, அடுத்த கோடையில் எந்தச் சரிவு முதலில் காயும் என்றெல்லாம் பார்க்க ஆள் வேண்டும்.

குறையும் உண்டு. இந்தச் செயற்கைக்கோள்கள் நம் வானத்தைக் கடப்பது நண்பகல் தாண்டி ஒரு முறை, நள்ளிரவு தாண்டி ஒரு முறை. மாலை மூன்று மணிக்குப் புல்வெளியில் பிடித்த தீ அதுவரை காத்திருக்குமா? இந்தியாவின் இன்சாட்-3டி வரிசை வானிலைச் செயற்கைக்கோள் அரை மணிக்கு ஒரு படம் தரும். ஆனால் அதன் வெப்பப் படத்தில் ஒரு புள்ளியே 4 கிலோமீட்டர், சின்னத் தீ அதில் தெரியாது. இந்த இடைவெளியை அடைக்கத்தான் மியூனிக்கின் ஓரோராடெக் போன்ற நிறுவனங்கள் சிறு செயற்கைக்கோள்களை அனுப்புகின்றன. 2025 ஜனவரியில், குளிர்காலத்திலேயே லாஸ் ஏஞ்சல்ஸ் எரிந்தது. இந்த வேலைக்குத் தேவை குறையும் என்று எனக்குத் தோன்றவில்லை.

சரி, படிப்பு. கிண்டி பொறியியல் கல்லூரியில் பி.இ. ஜியோஇன்பர்மேட்டிக்ஸ் (வரைபடம், செயற்கைக்கோள் படங்களைக் கணினியில் ஆராயும் படிப்பு) இருக்கிறது, பொறியியல் கலந்தாய்வு வழியாகவே சேரலாம். பலருக்கு அந்தப் பெயரே தெரியாது. அது கிடைக்காவிட்டால் பி.எஸ்சி. இயற்பியல், புவியியல், கணினி அறிவியல் எதுவும் படித்துவிட்டு முதுகலையில் தொலையுணர்வுக்கு, அதாவது தூரத்திலிருந்து எடுத்த படங்களால் தரையை ஆராயும் படிப்புக்கு வரலாம். டேராடூனில் இஸ்ரோவின் இந்தியத் தொலையுணர்வு நிறுவனம் (ஐஐஆர்எஸ்) எம்.டெக். நடத்துகிறது. காடுதான் பிடிக்கும் என்றால் மேட்டுப்பாளையத்தில் வனக் கல்லூரி. ஏரோஸ்பேஸ் கெட்ட படிப்பில்லை, அம்மா. இவள் கேட்கும் கதவு அதில் இல்லை, அவ்வளவுதான்.

சம்பளம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அரசுப் பணியிடங்கள் கொஞ்சம்தான். தனியாரில் புதிதாகச் சேருபவர்கள் பலர் நாள் முழுக்கத் திரையில் சாலையும் கட்டடமும் வரைந்துகொண்டிருப்பார்கள், கையில் வருவதும் குறைவு. பைத்தான் என்ற நிரல்மொழியும் புள்ளியியலும் தெரிந்தவர்கள்தான் அதிலிருந்து சீக்கிரம் மேலே வருகிறார்கள். அதனால் கணிதத்தை விட்டுவிட வேண்டாம்.

பணம் கட்டும் முன் ஒரு சோதனை வையுங்கள். நாசாவின் 'ஃபர்ம்ஸ்' தளத்தில் தீப்புள்ளிகள் இலவசம். ஐரோப்பாவின் சென்டினல்-2 படங்களும் கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளும் அப்படியே. குரங்கணி மலையின் 2018 பிப்ரவரி, ஏப்ரல் படங்களை எடுத்து, எரிந்த இடத்தின் எல்லையை அவளே வரைந்து பார்க்கட்டும். மேகம் மறைக்கும், கணக்கு உதைக்கும், எரிச்சல் வரும். ஒரு மாதம் கழித்தும் விடாமல் உட்கார்ந்திருந்தால் அவளுக்கு இது ஒத்துவரும்.

அப்புறம், பிளஸ் டூவில் என்ன குரூப், கட்-ஆஃப் எவ்வளவு என்று நீங்கள் எழுதவில்லை. அதை அனுப்புங்கள், கலந்தாய்வில் எந்தக் கல்லூரியை எந்த வரிசையில் போடலாம் என்று பார்ப்போம்.