கட்டைவிரல் ஏன் நின்றுவிடுகிறது? (கடிதமும் பதிலும்)

வணக்கம் சார்,

கிட்டார் கற்க ஆரம்பித்து ஒரு வருடம் ஆகப்போகிறது. சி, ஜி, டி, ஏ மைனர் கார்ட்கள் (பல சுரங்கள் சேர்ந்த பிடிகள்) எல்லாம் தடங்கலின்றி மாற்றிப் பிடிக்க வருகிறது. சிக்கல் இரண்டு. ஒரு பாட்டைக் கேட்டால் அதில் கிட்டாரை விரலால் வாசிக்கிறார்களா, ஸ்ட்ரம் செய்கிறார்களா (தந்திகளை ஒரே வீச்சில் வருடுவது) என்பதே பல நேரம் பிடிபடுவதில்லை. இன்னொன்று, டிராவிஸ் பிக்கிங்கை (கட்டைவிரல் தடித்த தந்திகளில் மாறி மாறி ஓட, மற்ற விரல்கள் மெல்லிய தந்திகளைப் பறிக்கும் முறை) டேப் (எந்தத் தந்தி, எந்த இடம் என்று எண்களால் காட்டும் குறிப்பு) பார்த்துப் பழகுகிறேன். கட்டைவிரல் தனியாக ஓடுகிறது; மற்ற விரல் சேர்ந்ததும் நின்றுவிடுகிறது. ஸ்ட்ரம்மிங்கை முடித்துவிட்டுத்தான் இதற்கு வரவேண்டும் என்கிறார் எங்கள் வாத்தியார். அப்படியா?

ர., தூத்துக்குடி

அன்புள்ள ர.,

வாத்தியார் சொல்வது பாதி சரி. தாளத்தில், ஸ்ட்ரம்மிங்கில் கை கீழே இறங்கும் இடமும் டிராவிஸ் பிக்கிங்கில் கட்டைவிரல் விழும் இடமும் ஒன்றேதான். ஆகவே ஒன்றை முடித்துவிட்டு மற்றதற்குப் போகத் தேவையில்லை. ஆனால் ஸ்ட்ரம் செய்யும்போது உங்கள் கை நடுவில் நிற்கிறதென்றால், கட்டைவிரலும் நிற்கத்தான் செய்யும்.

முதலில் காது. யூடியூபில் வேகத்தை 0.5க்கு இறக்கி, ஹெட்போனில் கேளுங்கள். கார்ட் தொடங்கும் அந்தக் கணம்தான் முக்கியம். எவ்வளவு வேகமாக ஸ்ட்ரம் செய்தாலும் தந்திகள் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் ஒலிக்கும். வேகத்தைக் குறைத்தால் அது விரிந்து கேட்கும். கீழ்நோக்கி அடித்தால் தடித்த தந்தி முந்தும், மேல்நோக்கி என்றால் மெல்லிய தந்தி. அப்படியில்லாமல் ஒரு தடித்த தந்தியும் ஒரு மெல்லிய தந்தியும் ஒரே நேரத்தில் ஒலித்து, நடுத்தந்திகள் சும்மா இருந்தால் அது விரல். பிக்கை (தந்தியை மீட்டும் சிறு வில்லை) பிடித்துக்கொண்டே நடுவிரலால் பறிக்கும் ஹைப்ரிட் பிக்கிங்கும் இப்படிக் கேட்கும். அதில் பேஸ் (தடித்த தந்தியின் ஒலி) மட்டும் கூர்மையாக, 'டக்'கென்று தொடங்கும்.

அடுத்து பேஸை மட்டும் பின்தொடருங்கள். ஒவ்வொரு பீட்டுக்கும் ஒரு பேஸ், இரண்டு தந்திகளுக்கிடையே மாறி மாறி வந்தால் டிராவிஸ் வகை. ஒரு பீட்டில் பேஸ், அடுத்ததில் 'சக்'கென்று கார்ட் என்றால் பூம்-சக். மெட்டே தடித்த தந்திகளில் நடந்து, இடைவெளிகளில் மெல்லிய தந்திகளைச் சுட்டுவிரல் வருடினால் அது மேபெல் கார்ட்டரின் பாணி. அவர் இருந்த அமெரிக்க இசைக்குழுவான கார்ட்டர் குடும்பத்தின் 1927 பிரிஸ்டல் பதிவுகளிலிருந்து கேட்கத் தொடங்கலாம். கட்டைவிரல் பீட்டைப் பிடித்திருக்க, மற்ற மூன்று விரல்களும் கார்டை ஒருசேரப் பறித்துப் பீட்டைத் தள்ளித் தள்ளி விழுந்தால் பிரேசிலின் போஸா நோவா பாணி.

எத்தனை விரல் என்பதைக் காதால் முடிவுசெய்வது கஷ்டம். டிராவிஸ் பிக்கிங்குக்குப் பெயர் தந்தவர், அமெரிக்காவின் கென்டக்கிக்காரரான மெர்ல் டிராவிஸ், கட்டைவிரலில் பிக் மாட்டி, பெரும்பாலும் சுட்டுவிரலை மட்டும் சேர்த்து வாசித்தார். அவரை வானொலியில் கேட்ட இன்னொரு கிட்டார் கலைஞர் செட் அட்கின்ஸ், இத்தனை ஒலிக்கு இன்னும் விரல்கள் வேண்டும் என்று நினைத்துக்கொண்டு கூடுதல் விரல்களோடு பழகினார். அது தனிப் பாணியாகவே ஆகிவிட்டது. விரல் எண்ணிக்கையில் தவறினால் பரவாயில்லை, பேஸில் தவறக் கூடாது.

இனி கை. 'தகதிமி தகதிமி' என்று வாயால் சொல்லுங்கள். நான்கு பீட்டும் த, தி, த, தி-யில் விழும். க, மி இரண்டும் நடுவில் வருபவை. ஸ்ட்ரம்மிங்கில் த, தி-க்குக் கை கீழே, க, மி-க்கு மேலே. எல்லாரும் முதலில் கற்கும் 'டவுன், டவுன்-அப், அப்-டவுன்-அப்' இப்படி அமையும்: முதல் த அடி, க வெறும் கை, தி அடி, மி அடி, இரண்டாவது த வெறும் கை, க அடி, தி அடி, மி அடி. எல்லாரும் இடறுவது அந்த இரண்டாவது த-வில்தான். அங்கே அடி இல்லை என்பதால் கையை நிறுத்திவிடுகிறார்கள். தந்தியைத் தொடாமலேயே கை இறங்கியாக வேண்டும். இறங்கினால்தான் அடுத்த க-வுக்கு ஏற முடியும்.

இப்போது சி கார்ட். கட்டைவிரல் த, தி-க்கு மட்டும்: 5, 4, 5, 4-ஆம் தந்தி (மிக மெல்லியது 1, மிகத் தடித்தது 6). மெட்ரோனோம் (தாளம் தட்டும் கருவி) நிமிடத்துக்கு 60. இதை வாசித்துக்கொண்டே உங்கள் வீட்டு முகவரியைச் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். தடுமாறினால் விரல் சேர்க்க இன்னும் நேரம் வரவில்லை. உங்கள் சிக்கல் அநேகமாக இங்கேதான்: கட்டைவிரல் தனியாக ஓடுகிறது என்கிறீர்கள், ஆனால் அதை நீங்கள் கவனித்துக்கொண்டே ஓட்டுகிறீர்கள். கவனம் அடுத்த விரலுக்குப் போனதும் அது நின்றுவிடுகிறது.

பேச முடிந்தபின் ஒவ்வொரு ஒலியாகச் சேருங்கள். முதல் த-வில் நடுவிரல் 1-ஆம் தந்தியைக் கட்டைவிரலோடு சேர்ந்தே பறிக்கட்டும். அது நிலைத்ததும், முதல் மி-யில் சுட்டுவிரல் 2-ஆம் தந்தி. கடைசியாக இரண்டாவது க-வில் நடுவிரல் மறுபடி 1-ஆம் தந்தி. அவ்வளவுதான், அடிப்படை வடிவம் முழுதாகிவிட்டது. டேப் பார்த்து முழு வரியையும் ஒரே மூச்சில் பிடிக்கப் போனால் இதில் பாதிகூட நிற்காது. பிசிறில்லாமல் வந்தால் மட்டும் மெட்ரோனோமை ஐந்து ஐந்தாக ஏற்றுங்கள்.

கட்டைவிரல் சுட்டுவிரலுக்குப் பின்னால் உள்ளங்கைக்குள் மடங்குகிறதா என்று பாருங்கள். மடங்கினால் இரண்டும் முட்டும். அது விரல்களுக்கு முன்னால், கழுத்துப் பக்கம் நீட்டியிருக்க வேண்டும். அசைவு அடிமூட்டிலிருந்து வரட்டும், நுனிமூட்டிலிருந்து அல்ல.

பேஸ் மெட்டை அமுக்கினால் பாம் மியூட், அதாவது உள்ளங்கையால் தந்தியின் ஒலியை மட்டுப்படுத்துவது. உள்ளங்கையின் ஓரத்தை பிரிட்ஜ் சேடிலின் (பிரிட்ஜில் தந்திகள் படியும் பட்டை) மேல், 6, 5, 4-ஆம் தந்திகள் மட்டும் படும்படி வையுங்கள். சவுண்ட்ஹோல் (கிட்டாரின் நடுத்துளை) பக்கம் கொஞ்சம் நகர்ந்தாலும் ஒலி செத்துப்போகும். அழுத்தினால் சுருதியும் ஏறும்.

மற்ற கார்ட்களில் தந்தி மாறும். ஜி-யில் 6, 4. ஏ மைனரில் 5, 4. டி-யில் 4, 3. கை பழகியபின் நடுவில் 5-ஐ நுழைத்து 4, 3, 5, 3 என்று வாசிக்கலாம். டி-யில் திறந்த 6-ஆம் தந்தியை மட்டும் தொடாதீர்கள். அதிலிருந்து வரும் ஈ அந்தக் கார்டில் ஒட்டாது.