தெரிந்தவர் யாரும் இல்லை என்றால்

வணக்கம். இந்த ஆண்டு வணிகவியல் பட்டம் முடித்தேன். வேலைத் தளங்களில் விண்ணப்பித்துக்கொண்டே இருக்கிறேன், பதிலே வருவதில்லை. பல வேலைகள் விளம்பரத்துக்கு வருமுன்பே நிரம்பிவிடும் என்கிறார்கள். எனக்குப் பெரிய இடத்தில் யாரையும் தெரியாது. என்ன செய்வது?
– ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

பெரிய இடத்து ஆள் தேவையில்லை. ஒருவர் ராஜினாமா செய்ததும் குழுத்தலைவர் பெரும்பாலும் முதலில் பக்கத்தில் இருப்பவர்களிடம்தான் கேட்பார், “யாராவது தெரியுமா?” என்று. ஒப்புதல், விளம்பரம் எல்லாம் அப்புறம். அந்த நேரத்தில் உங்கள் பெயர் ஒருவருக்கு ஞாபகம் வரவேண்டும்.

அவர் நெருங்கிய நண்பராக இருக்கவேண்டியதில்லை. தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களில் பெரும்பாலோருக்குத் தகவல் சொன்னவர், எப்போதாவது மட்டும் சந்திக்கிறவர் என்று சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973இல் எழுதினார். நண்பர்களுக்குத் தெரிந்தது பெரும்பாலும் உங்களுக்கும் தெரிந்ததே. ஆகவே இரண்டு மூன்று ஆண்டு சீனியர்களில் தொடங்குங்கள். வேலை தேடிய அலுப்பு அவர்களுக்கு இன்னும் மறந்திருக்காது. பிறகு பயிற்சிக்குப் போன இடம், ப்ராஜெக்ட் வழிகாட்டி.

“ஏதாவது வேலை இருந்தால் சொல்லுங்கள்” என்று மட்டும் எழுதாதீர்கள். அதை வைத்து அவரால் ஒன்றும் செய்யமுடியாது, “பார்க்கிறேன்” என்பார், முடிந்தது. ஐந்து வரி போதும்: நீங்கள் யார், அவரை எப்படித் தெரியும், ஏன் அவரிடம் கேட்கிறீர்கள், 15 நிமிடம் பேசமுடியுமா, எந்த இரு நேரங்கள் உங்களுக்கு வசதி. ரெஸ்யூமே இணைக்கவேண்டாம். ஒரே செய்தியை ஓர் அலுவலகத்தில் பத்துப் பேருக்கு ஒட்டி அனுப்பினால் மாட்டிக்கொள்வீர்கள். ஒரு வாரம் பதில் இல்லையென்றால் ஒருமுறை நினைவூட்டுங்கள், அதற்குமேல் வேண்டாம்.

பேசும்போது வேலையைப் பற்றிக் கேளுங்கள்: உதாரணமாக, உள்தணிக்கையில் (நிறுவனம் தன் கணக்குகளையும் நடைமுறைகளையும் தானே சரிபார்க்கும் வேலையில்) முதல் ஆறு மாதம் என்ன செய்யச் சொல்வார்கள், புதிதாக வருகிறவர்கள் எங்கே தடுமாறுகிறார்கள்? கடைசியாக, “இதுபற்றி இன்னும் யாரிடம் பேசலாம்? உங்கள் பெயரைச் சொல்லலாமா?” இதைக் கேட்காமல் போனை வைத்தால் அந்தச் சங்கிலி அங்கேயே அறுந்துவிடும். அன்றே நன்றி எழுதுங்கள். ஒரு மாதம் கழித்து, அவர் சொன்னதில் எதைச் செய்தீர்கள் என்று இரண்டு வரி எழுதுங்கள். பலர் கோட்டைவிடுவது இங்கேதான்.

பரிந்துரைப்பதாக ஒருவர் சொன்னால், தளத்தில் நீங்களாக விண்ணப்பிக்கும் முன் அவரிடம் முறையைக் கேளுங்கள். ஏற்கெனவே விண்ணப்பித்தவரைப் பல நிறுவனங்கள் பரிந்துரைக் கணக்கில் சேர்ப்பதில்லை. அவர் அப்படியே மேலே அனுப்புகிற மாதிரி உங்களைப் பற்றி மூன்று வரியும் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.