காட்டிக்கொடு, கிவ் அவே – கடிதம்

அன்புள்ள ஐயா,

வாடிக்கையாளர் சேவை மையம் ஒன்றில் எட்டு மாதமாக வேலை பார்க்கிறேன். தமிழ் வழியில் படித்தவன். ஆங்கிலத்தில் எனக்குப் பெரிய தலைவலி ஃப்ரேசல் வெர்ப்தான், அதாவது ‘கிவ் அப்’ மாதிரி வினையோடு ஒரு சின்னச் சொல் ஒட்டி வேறு பொருள் தருபவை. இணையத்தில் கிடைத்த 500 ஃப்ரேசல் வெர்ப் பட்டியலை, தமிழ் அர்த்தத்தோடு, நாளைக்குப் பத்து வீதம் மனப்பாடம் செய்து முடித்தேன். போன வாரம் அழைப்பில் ஒருவர் “யூ ஆர் பிரேக்கிங் அப்” என்றார். என் பட்டியலில் ‘பிரேக் அப்’ என்றால் காதலை முறித்துக்கொள்வது. என்ன சொல்வதென்று தெரியாமல் “சாரி சார்” என்றேன். அவர் மறுபடி அதையே சொன்னார், நானும் மறுபடி சாரி சொன்னேன். உன் குரல் விட்டுவிட்டுக் கேட்கிறது என்கிறார் என்று பக்கத்து சீட்காரர்தான் விளக்கினார்.

1000 வரை உள்ள இன்னொரு பட்டியல் இருக்கிறது. அதற்குப் போகலாமா? எந்த ஆப் நல்லது? அமெரிக்க உச்சரிப்பு பழக வேண்டுமா? ஐ ஆம் லுக்கிங் ஃபார்வர்ட் டு ஹியர் ஃப்ரம் யூ.

ச.

அன்புள்ள ச.,

ஆப் எதுவாக இருந்தாலும் ஒன்றுதான். அமெரிக்க உச்சரிப்பு வேண்டாம், உங்கள் உச்சரிப்பே தெளிவாக இருந்தால் போதும். அந்த 1000 பட்டியலைத் திறக்காதீர்கள்.

நீங்கள் 500 ஃப்ரேசல் வெர்ப் படித்ததாகச் சொல்கிறீர்கள். இல்லை. 500 தமிழ் அர்த்தங்களை உருப்போட்டிருக்கிறீர்கள். ‘பிரேக் அப்’புக்கு எதிரே காதல் முறிவு என்று எவரோ எழுதிவைத்ததை நம்பினீர்கள். ஒன்றாக இருந்தது துண்டு துண்டாகிப் போவதுதான் அதன் அடிப்படை. உறவு துண்டானால் காதல் முறிவு. கூட்டம் துண்டானால் கலைந்து போவது. போனில் குரல் துண்டு துண்டாக வந்தால் “யூ ஆர் பிரேக்கிங் அப்”. ஒரே படம். அந்தப் படத்தைப் பிடித்திருந்தால் அன்றைக்கு இரண்டு சாரி மிச்சமாகியிருக்கும்.

உங்கள்மேல் கோபம் இல்லை. ஆங்கிலேயரே இதை ஒப்புக்கொண்டவர்கள்தான். சாமுவேல் ஜான்சன் 1755-இல் வெளியிட்ட அகராதியின் முன்னுரையில், வினைக்குப் பின்னால் ஒரு சின்னச் சொல்லை ஒட்டிப் பொருளை மாற்றும் இந்தப் பழக்கம்தான் வேற்று மொழிக்காரருக்கு மிகப் பெரிய இடைஞ்சல் என்று எழுதி, ‘செட் ஆஃப்’, ‘செட் இன்’, ‘செட் அவுட்’ என்று அடுக்கிக்கொண்டு போகிறார். 1930-இல் சி. கே. ஆக்டன் என்ற ஆங்கிலேய மொழியறிஞர் 850 சொல்லில் ஆங்கிலத்தைச் சுருக்கிக் காட்டினார். அதில் வினைகள் வெறும் 18. ஆனால் ‘சரண்டர்’ என்ற சொல்லைக் கழித்துவிட்டு அந்த இடத்தில் ‘கிவ் அப்’ போட்டால் கணக்கில் ஒரு சொல் குறையும், படிப்பவன் தலையில் ஒரு சொல் கூடும். ‘கிவ்’ தெரியும், ‘அப்’ தெரியும், ‘கிவ் அப்’ தெரியாது. பட்டியல் எல்லாமே இப்படித்தான் ஏமாற்றும், 850 ஆனாலும் 1000 ஆனாலும்.

இந்த ஏமாற்று வேலை தமிழனுக்குப் புதிதே இல்லை என்பதுதான் எனக்கு ஆற்றாமை. ‘கொடு’ என்ற ஒரு சொல்லை எடுங்கள். சொல்லிக்கொடு, விட்டுக்கொடு, காட்டிக்கொடு, போட்டுக்கொடு. தமிழ் படிக்கும் வெள்ளைக்காரர் ஒருவருக்குக் ‘காட்டு’ தெரியும், ‘கொடு’ தெரியும். இரண்டையும் கூட்டினால் துரோகம் எப்படி வந்தது என்று அவர் தலையைப் பிய்த்துக்கொள்வார். உங்களுக்கு அதில் மர்மமே இல்லை. அதே காரியத்தை ஆங்கிலத்தில் ‘கிவ் அவே’ செய்கிறது: “ஹிஸ் வாய்ஸ் கேவ் ஹிம் அவே”, குரலே அவனைக் காட்டிக்கொடுத்துவிட்டது. ‘கிவ் இன்’ என்றால் விட்டுக்கொடுத்துப் பணிந்து போவது. ‘புட் ஆஃப்’ நம் தள்ளிப்போடு. ‘லுக் ஆஃப்டர்’ பார்த்துக்கொள். ‘ஃபைண்ட் அவுட்’ கண்டுபிடி. இதற்கெல்லாம் உங்கள் பட்டியலில் ‘ஒத்திவைத்தல்’, ‘பராமரித்தல்’ என்று எழுதியிருப்பார்கள். தாசில்தார் அலுவலகத் தமிழ்!

நம் துணைவினை செய்யும் வேலையை ஆங்கிலத்தில் பாதிக்குமேல் அந்தச் சின்னச் சொல் செய்கிறது. சாப்பிட்டான், சாப்பிட்டுவிட்டான்: இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் தெரிந்தவருக்கு ‘ஈட்’, ‘ஈட் அப்’ இரண்டுக்கும் இடையில் தடுமாற்றம் வரக்கூடாது. ‘யூஸ் அப்’ தீர்த்துவிடு, ‘டேர் அப்’ கிழித்துப்போடு, ‘டிரிங்க் அப்’ குடித்து முடி. இங்கெல்லாம் ‘அப்’புக்கு மேலே என்ற அர்த்தம் இல்லை, மிச்சம் வைக்காதே என்று அர்த்தம். ‘ஆன்’ நம் ‘கொண்டே இரு’: ‘கோ ஆன்’, ‘கேரி ஆன்’, ‘கீப் ஆன்’, ‘ரீட் ஆன்’. ‘டவுன்’ அடங்குவதும் நிற்பதும்: ‘ஸ்லோ டவுன்’, ‘காம் டவுன்’, ‘ஷட் டவுன்’, ‘பிரேக் டவுன்’. ‘அவுட்’ உள்ளே இருப்பதை வெளியே கொண்டுவருவது: ‘ஃபைண்ட் அவுட்’, ‘வொர்க் அவுட்’, ‘பாயிண்ட் அவுட்’. எல்லாம் இந்த விதிக்குள் அடங்கும் என்று நான் சொல்லவில்லை. ‘புட் அப் வித்’ என்றால் ஏன் சகித்துக்கொள்வது என்று குடைந்துகொண்டிருக்காமல் அப்படியே விழுங்கிவிடுங்கள். அப்படி விழுங்க வேண்டியவை குறைவு.

ஆகவே பட்டியலைத் திருப்பிப் போடுங்கள். ‘கெட்’ என்று தலைப்பிட்டு அதன்கீழ் ‘கெட் அப்’, ‘கெட் ஓவர்’, ‘கெட் த்ரூ’, ‘கெட் பை’ என்று எழுதினால் ஒன்றுக்கொன்று ஒட்டாத அர்த்தங்கள் ஒன்றையொன்று மிதித்துக்கொள்ளும். இரண்டு நாளில் எது எதுவென்றே தெரியாது. சின்னச் சொல்லைத் தலைப்பாக்குங்கள். அப், அவுட், ஆஃப், ஆன், இன், டவுன், ஓவர், அவே, பேக், த்ரூ என்று பத்து போதும். வாரம் ஒன்று. நாளைக்குப் பத்து என்ற பேராசை வேண்டாம், இரண்டு எடுங்கள். இரண்டுக்கும் உங்கள் வேலையிலிருந்தே வாக்கியம் எழுதுங்கள். போன் வேலைக்கு வேண்டியவையும் ஒரு கை விரலுக்குள்தான்: இணைப்பை இன்னொருவருக்கு மாற்றித் தர ‘புட் த்ரூ’, லைனில் காத்திருக்கச் சொல்ல ‘ஹோல்ட் ஆன்’, அழைப்பு நடுவில் அறுந்தால் ‘கட் ஆஃப்’, திரும்ப அழைக்க ‘கால் பேக்’, சத்தமாகப் பேசச் சொல்ல ‘ஸ்பீக் அப்’.

எழுதும்போது ஒரு சோதனை செய்யாமல் விடாதீர்கள். ‘இட்’ என்ற சொல்லை எங்கே வைப்பது? “டர்ன் ஆஃப் த ஃபேன்” சரி, “டர்ன் த ஃபேன் ஆஃப்” என்பதும் சரி. ஃபேனை எடுத்துவிட்டு ‘இட்’ போட்டால் “டர்ன் இட் ஆஃப்” ஒன்றுதான் சரி. “டர்ன் ஆஃப் இட்” தப்பு. ‘லுக் ஆஃப்டர்’ இதற்கு நேர் எதிர்: “லுக் ஆஃப்டர் இட்” மட்டும்தான், நடுவில் எதையும் நுழைக்க முடியாது. காதால் பிரிக்க ஒரு வழி உண்டு. ‘டர்ன் ஆஃப்’ என்று சொல்லும்போது ஆங்கிலேயர் ‘ஆஃப்’ மேல் அழுத்துவார். “லுக் ஆஃப்டர் ஹெர்” என்றால் அழுத்தம் ‘லுக்’ மேல். அழுத்தம் சின்னச் சொல்லில் விழுந்தால் அநேகமாக ‘இட்’ நடுவில் வரும். பொருள் கனமும் அங்கேதான் இருக்கிறது, அதனால்தான் நாம்கூட ‘டர்ன்’, ‘சுவிட்ச்’ எல்லாவற்றையும் தூக்கிப்போட்டுவிட்டு ‘ஃபேனை ஆஃப் பண்ணு’ என்கிறோம். நம் ஆட்கள் இலக்கணம் படிக்காமலே உயிர்நாடியைப் பிடித்துவிட்டார்கள்.

சொல்லப்போனால் தமிழ்நாட்டில் நாள் முழுக்க ஃப்ரேசல் வெர்ப் பேசுகிறோம். பில்டப் கொடுக்கிறான், ஆளே செட்டப், கெட்டப்பை மாத்திட்டான், இது ஒர்க் அவுட் ஆகாது, பஸ் பிரேக்டவுன். இதில் ஒரு பொறியும் உண்டு. அநேகமாக எல்லாவற்றையும் பெயர்ச்சொல்லாகவே கடன் வாங்கிவைத்திருக்கிறோம். பெயராக இருக்கையில் அழுத்தம் முதலில் விழும், எழுத்திலும் ஒன்றாக ஒட்டும். வினையானால் இரண்டாகப் பிரியும், அழுத்தமும் பின்னால் போகும். அது தெரியாமல்தான் “த பஸ் இஸ் பிரேக்டவுன்” என்று எழுதுகிறோம். “த பஸ் ப்ரோக் டவுன்” என்று வர வேண்டும். இன்னொரு பொறி ‘கோப் அப் வித்’. அப்படி ஒன்று கிடையாது, சமாளிப்பதற்கு ‘கோப் வித்’தான். ‘கீப் அப் வித்’, ‘கேட்ச் அப் வித்’, ‘புட் அப் வித்’ எல்லாம் சேர்ந்து நம் வாயில் அந்த ‘அப்’பைத் திணித்துவிட்டன.

‘டாலரேட்’, ‘போஸ்ட்போன்’ எல்லாம் தெரிந்தும் ‘புட் அப் வித்’, ‘புட் ஆஃப்’ காதில் விழுந்தால் விழிப்பது நம் எல்லோருக்கும் உள்ள வியாதி. மனு எழுதும் ஆங்கிலம் முதலில் வந்து சேர்ந்தது, வீட்டில் பேசும் ஆங்கிலம் வரவேயில்லை. தவிர, பேசும்போது “புட் இட் ஆஃப்” மூன்று சொல்லாக வராது, ‘புடிடாஃப்’ என்று ஒரே மூச்சில் வரும். நோட்டில் எழுதியதை வாய்விட்டு அப்படிச் சேர்த்துச் சொல்லிப் பாருங்கள். கண்ணால் படித்ததைக் காது அடையாளம் கண்டுகொள்ளாது.

உங்கள் கடைசி வரியில் ஒரு திருத்தம். ‘லுக்கிங் ஃபார்வர்ட் டு’ என்பதன் ‘டு’வுக்குப் பிறகு ஒரு பெயர்ச்சொல்லை வைத்துப் பாருங்கள், ‘யுவர் ரிப்ளை’ என்று. பொருந்துகிறது அல்லவா? பெயர் பொருந்தும் இடத்தில் ‘ஹியர்’ உட்காராது. ‘ஹியரிங்’ என்று எழுதுங்கள்.