மதிய உணவு: அடுப்பிலிருந்து இறக்கியது முதல் சாப்பிடும் வரை (கேள்வி பதில்)

மதிய உணவு குறித்து நண்பர்கள் பலர் அனுப்பியிருந்த கேள்விகளுக்கு, உணவு அறிவியல் கற்பிப்பவன் என்ற முறையில் இங்கே பதில் எழுதுகிறேன். எதைச் சாப்பிடுவது என்று கேட்டிருப்பவர்களே மிகுதி. ஆனால் கையில் எடுத்துச் செல்லும் உணவைப் பொறுத்தவரை, என்ன சமைத்தோம் என்பதைவிட, சமைத்த பிறகு அது எத்தனை மணி நேரம் எந்தச் சூட்டில் இருந்தது என்பதே பெரும்பாலான தொல்லைகளுக்குக் காரணமாகிறது. எனவே அதிலிருந்தே தொடங்குகிறேன்.

கேள்வி: ஐயா, காலை ஆறு மணிக்கு வடித்த சோற்றை டப்பாவில் அடைத்து எடுத்துச் சென்று பகல் ஒரு மணிக்குச் சாப்பிடுகிறேன். கெட்ட வாடை எதுவும் வருவதில்லை. ஆனாலும் இது ஆபத்து என்கிறார் உடன் பணிபுரிபவர். உண்மையா?

பதில்: வாடை வரவில்லை என்பதை மட்டும் வைத்து உணவு நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்ட இயலாது. அரிசியில் பாசில்லஸ் சீரியஸ் என்னும் பாக்டீரியாவின் வித்துகள் (சூட்டைத் தாங்கி உறங்கிக் கிடக்கும் அதன் வடிவங்கள்) இயல்பாகவே ஒட்டியிருக்கும். கொதிக்கும் நீரில் மற்ற கிருமிகள் பெரும்பாலும் மடிந்துபோக, இந்த வித்துகள் மட்டும் தப்பிப் பிழைத்து, சோறு வெதுவெதுப்பாகும்போது முளைத்துப் பெருகத் தொடங்கும். 30 முதல் 37 டிகிரி செல்சியஸ் வரையான சூடு அவற்றுக்கு மிகவும் உகந்தது. அவ்வாறு பெருகும்போது சில வகைகள் வாந்தியை உண்டாக்கும் ஒரு நச்சைச் சோற்றிலேயே விட்டுவிடுகின்றன. அந்த நச்சுக்கு மணமும் இல்லை, சுவையும் இல்லை. பிரஷர் குக்கரின் சூட்டுக்கும் அது அசைந்து கொடுக்காது என்பதால், மீண்டும் சூடாக்கிவிட்டோம் என்ற நிம்மதிக்கும் இடமில்லை. சாப்பிட்ட அரை மணி முதல் ஆறு மணி நேரத்திற்குள் வாந்தி தொடங்கினால் இதனைச் சந்தேகிக்க வேண்டும்.

உலக சுகாதார நிறுவனம் 2001-இல் வெளியிட்ட உணவுப் பாதுகாப்பு நெறிகள், சமைத்த உணவை அறைவெப்பத்தில் இரண்டு மணி நேரத்திற்கு மேல் விட்டுவைக்கக் கூடாது என்கின்றன; சூடாக வைப்பதானால் 60 டிகிரிக்கு மேலும், குளிரில் வைப்பதானால் 5 டிகிரிக்குக் கீழும் இருக்க வேண்டும் என்கின்றன. ஏழு மணி நேரம் டப்பாவில் இருந்ததைச் சாப்பிட்டும் உங்களுக்கு ஒன்றும் ஆகாமல் இருப்பதற்குக் காரணம், பெரும்பாலும் நச்சு போதிய அளவு சேரவில்லை என்பதுதான். வெயில் கடுமையான ஒரு நாளிலோ, டப்பா வண்டிக்குள் மாட்டிக்கொண்ட ஒரு நாளிலோ அதே உணவு அதே விதமாக நடந்துகொள்ளும் என்பதற்கு உறுதியில்லை. இயன்றவரை, புறப்படுவதற்குச் சற்று முன் சோற்றை இறக்குங்கள். வெப்பக் குடுவையில் (தெர்மாஸ் பிளாஸ்க்) சூடாகக் கொண்டு செல்லுங்கள். இல்லையேல் விரைவாக ஆற்றி, அலுவலகக் குளிர்பெட்டியில் வைத்து, சாப்பிடும் முன் ஆவி பறக்கச் சூடாக்குங்கள். எலுமிச்சைச் சாறு தாராளமாகச் சேர்த்துக் கிளறிய சோறு, புளிப்பின் காரணமாகக் கிருமி வளர்ச்சியை ஓரளவு தாமதப்படுத்தும். பேருக்கு நான்கு சொட்டுப் பிழிந்தால் அந்தப் பயன் கிடைக்காது.

கேள்வி: ஆறவைத்து மூட வேண்டும் என்று ஒருவர் சொல்கிறார், சூட்டோடு மூட வேண்டும் என்று இன்னொருவர் சொல்கிறார். எதைக் கேட்பது?

பதில்: இருவர் சொல்வதும் சரிதான், ஆனால் இருவரும் வெவ்வேறு பாத்திரங்களை மனத்தில் வைத்துக்கொண்டு பேசுகிறார்கள். வெப்பக் குடுவை என்றால் கொதிக்கக் கொதிக்க நிரப்பி உடனே மூட வேண்டும். சாதாரண எவர்சில்வர் டப்பா என்றால், ஆவி அடங்கும் வரை ஆறவைத்துப் பிறகு மூட வேண்டும். சூடான சோற்றை டப்பாவில் அழுத்தி மூடினால், மூடியின் உட்புறத்தில் ஆவி நீர்முத்துகளாகப் படிந்து சோற்றின் மேல் சொட்டும். மேற்பகுதி நசநசத்துப் போகும். நடுப்பகுதியோ மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகவே கிடக்கும். கிருமிக்கு இதைவிட வசதியான இடம் கிடைக்காது. ஆற்றுவது என்பதும் பாத்திரத்தோடு அப்படியே மேடையில் வைத்துவிடுவது அன்று. அகன்ற தட்டில் இரண்டு விரல் உயரத்திற்கு மேற்படாமல் பரப்பி, விசிறியின் கீழ் வைத்தால் விரைவில் ஆறிவிடும்.

வெப்பக் குடுவையை 1892-இல் உருவாக்கிய அறிவியலாளர் ஜேம்ஸ் டூவர், மிகக் குளிர்ந்த திரவங்களை வைத்திருக்கவே அதனைப் பயன்படுத்தினார். உள்ளே இருக்கும் நிலையைக் காப்பது மட்டுமே அதன் வேலை; சூட்டை அது உண்டாக்காது. ஆகவே அரைகுறைச் சூட்டில் நிரப்பினால், கிருமி வளர்வதற்கு ஏற்ற அந்த அரைகுறைச் சூட்டையே மதியம் வரை காத்துக்கொண்டிருக்கும். நிரப்புவதற்கு முன் கொதிநீரை ஊற்றி, மூடி, ஐந்து முதல் பத்து நிமிடம் வைத்து, அதைக் கொட்டிவிட்டு உணவை நிரப்புங்கள். கழுத்துவரை நிரப்பினால் சூடு நிற்கும். பாதிக் குடுவை உணவு விரைவில் ஆறிவிடும்.

கேள்வி: வயிறு நிறையச் சாப்பிட்டாலும் மாலை நான்கு மணிக்கே பசிக்கிறது. ஒரு பெரிய தட்டுச் சோறு, கொஞ்சம் பருப்புக் குழம்பு, கொஞ்சம் காய். இதில் என்ன குறை?

பதில்: அளவில் குறையில்லை, விகிதத்தில் குறை இருக்கிறது. நூறு கிராம் வெந்த சோற்றில் ஏறத்தாழ 28 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. புரதம் 3 கிராமுக்கும் குறைவு. நீங்கள் முந்நூறு கிராம் சோறு சாப்பிடுவதாக வைத்துக்கொண்டால், அதிலிருந்து எட்டு கிராம் அளவில் புரதம் கிடைக்கும். பருப்புக் குழம்பு என்று சொல்லும்போது அதில் பருப்பு எவ்வளவு, நீர் எவ்வளவு என்பதைத்தான் கேட்க வேண்டும். கெட்டியாக வெந்த பருப்பு நூறு கிராமில் ஏழு முதல் ஒன்பது கிராம் வரை புரதம் உண்டு. கரண்டியில் அள்ளினால் வழிந்தோடும் குழம்பில் அதில் சிறு பங்குதான் இருக்கும்.

வளர்ந்த ஒருவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் நாளொன்றுக்குப் போதுமானது என்பது பன்னாட்டு வல்லுநர் குழுவின் பரிந்துரை. அறுபது கிலோ எடையுள்ளவருக்கு அது சுமார் ஐம்பது கிராம். மதியம் ஒரு வேளைக்கு 15 முதல் 20 கிராம் சேர்ந்தால் நன்று. அதற்குச் சோற்றில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்து, அந்த இடத்தில் வேகவைத்த கடலை, பயறு, முட்டை, மீன் இவற்றில் ஒன்றை வையுங்கள். ஒரு முட்டையில் சுமார் ஆறு கிராம் புரதம் இருக்கிறது. காயையும் இரண்டு மடங்காக்குங்கள்; நார்ச்சத்து வயிறு காலியாவதைத் தாமதப்படுத்தும். புரதம் அமினோ அமிலங்கள் என்னும் சிறு கூறுகளால் ஆனது. தானியத்தில் அவற்றுள் லைசின் குறைவு, பருப்பில் மெத்தியோனின் குறைவு. இரண்டும் சேரும்போது ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்புகிறது. ஒரே வேளையில்தான் சேர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஒரு நாளுக்குள் சேர்ந்தால் போதும்.

கேள்வி: சாப்பிட்டவுடன் கண்ணைச் சுழற்றிக்கொண்டு தூக்கம் வருகிறது. இரத்தம் மூளையிலிருந்து வயிற்றுக்குப் போய்விடுவதால் என்று சொல்கிறார்களே?

பதில்: செரிமானத்தின்போது குடலுக்கு இரத்தம் கூடுதலாகச் செல்வது உண்மை. ஆனால் மூளைக்குச் செல்லும் இரத்தத்தின் அளவை உடல் கவனமாகக் காத்துக்கொள்கிறது; அதைப் பிடுங்கி வயிற்றுக்குக் கொடுப்பதில்லை. பிற்பகலில் விழிப்புநிலை சற்றுத் தளர்வது உடலின் நாள்சுழற்சியிலேயே அமைந்த ஒன்று. மதியம் சாப்பிடாதவர்களிடமும் அது காணப்படுகிறது. அதன்மேல் மாவுச்சத்து மிகுந்த பெரிய சாப்பாடும், முந்தைய இரவின் தூக்கக் குறைவும் சேரும்போது தலை தொங்குகிறது. சாப்பாட்டின் அளவைச் சற்றுக் குறைத்து, பத்து நிமிடம் வெளிச்சத்தில் நடந்து பாருங்கள். அப்படியும் நாள்தோறும் அடக்க முடியாத தூக்கம் வருமானால், சாப்பாட்டைக் குறை சொல்வதை விட்டுவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: வேலை நிமித்தம் வாரத்தில் நான்கு நாள் வெளியில்தான் மதிய உணவு. எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது?

பதில்: சுவரில் தொங்கும் படங்களையும் பளபளப்பான மேசைகளையும் பார்த்து எதையும் அறிய முடியாது. கூட்டம் வந்து போய்க்கொண்டிருக்கிறதா, பாத்திரம் காலியாகிக் காலியாகி மீண்டும் நிரம்புகிறதா, தட்டில் விழும் உணவிலிருந்து ஆவி எழுகிறதா என்று பாருங்கள். விற்பனை மந்தமான இடத்தில் காலையில் சமைத்தது பிற்பகல் வரை வெதுவெதுப்பாகக் காத்துக்கிடக்கும். நறுக்கித் திறந்து வைத்த பச்சைக் காய்களையும் பழத் துண்டுகளையும் தவிர்த்துவிடுங்கள். வேகவைக்காத உணவில் கை சுத்தமும் நீரின் சுத்தமும் மட்டுமே நமக்குக் காவல்.

அடுத்தது உப்பு. நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அது ஒரு தேக்கரண்டிக்கும் சற்றுக் குறைவு. வெளி உணவில் உப்பும் எண்ணெயும் பெரும்பாலும் குழம்பிலும் ஊறுகாயிலும் வறுவலிலும் மறைந்திருப்பதால், குழம்பை வழித்துச் சாப்பிடாமல் சிறிது தட்டிலேயே விட்டுவிடுவது எளிய வழி. கொஞ்சம் வீணானால் ஆகட்டும். உங்கள் வயிறு குப்பைக்கூடை அன்று. பொரித்த பண்டம் கரும்பழுப்பாக, காறலான வாடையுடன், நாக்கில் பிசுபிசுப்புடன் இருந்தால் எண்ணெய் பலமுறை காய்ந்திருக்கிறது என்று கொள்ளலாம். திரும்பத் திரும்பக் காய்ந்த எண்ணெயில் உருவாகும் துருவச் சேர்மங்கள் (எண்ணெய் சிதைவதால் உண்டாகும் பொருள்கள்) 25 சதவீத அளவைத் தாண்டினால் அந்த எண்ணெயைக் கைவிட வேண்டும் என்று பல நாடுகளில் விதி உண்டு. நம்மிடம் அதை அளக்கும் கருவி இல்லை; மூக்கும் நாக்கும்தான் இருக்கின்றன.

கேள்வி: எனக்கு இரத்தசோகை இருக்கிறது. கீரையும் பயறும் மதியம் தவறாமல் சாப்பிடுகிறேன். முடித்தவுடன் ஒரு தேநீர். இது சரியா என்று கேட்டால், என் மருத்துவர் தேநீரைத்தான் குறை சொல்கிறார்.

பதில்: அவர் சொல்வது சரி. தேநீரிலும் காப்பியிலும் உள்ள பாலிபீனால்கள் என்னும் தாவரச் சேர்மங்கள், தாவர உணவில் உள்ள இரும்புச்சத்தோடு பிணைந்து உடல் அதை உறிஞ்சவிடாமல் தடுக்கின்றன. சாப்பாட்டிற்கும் தேநீருக்கும் இடையே குறைந்தது ஒரு மணி நேரம் இருக்கட்டும். மாறாக, வைட்டமின் சி இரும்பு உறிஞ்சப்படுவதற்கு உதவும். பயற்றின் மீது எலுமிச்சை பிழிவதோ, உடன் ஒரு கொய்யாவோ ஆரஞ்சோ உண்பதோ நல்லது. மாத்திரை தந்திருந்தால் அதையும் தேநீருடன் விழுங்காதீர்கள்.

கேள்வி: நீரிழிவுக்கு மருந்து எடுத்துக்கொள்கிறேன். வேலை மும்முரத்தில் சில நாள் மதிய உணவை விட்டுவிடுகிறேன். சர்க்கரை குறையும், நல்லதுதானே?

பதில்: நல்லதன்று. இன்சுலினோ, உடலில் இன்சுலின் சுரப்பைத் தூண்டும் சல்போனைல்யூரியா வகை மாத்திரையோ எடுத்துக்கொள்பவர் உணவைத் தவிர்த்தால் இரத்தச் சர்க்கரை அபாயகரமாகத் தாழ்ந்துவிடக் கூடும். வியர்வை, நடுக்கம், குழப்பம் ஆகியவை அதன் அறிகுறிகள். உணவு நேரம் தவறும் நாளில் மருந்தை எப்படி மாற்றுவது என்பதை மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். சாப்பிடும்போது காயையும் புரதத்தையும் முதலில் உண்டு, சோற்றையோ ரொட்டியையோ கடைசியில் உண்டால் உணவுக்குப் பிந்தைய சர்க்கரை ஏற்றம் குறைவதாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. சோறு ஆறும்போது அதன் மாவுச்சத்தில் ஒரு பகுதி எளிதில் செரிக்காத வடிவத்திற்கு மாறுகிறது என்பதும் உண்மையே. ஆனால் அந்த மாற்றம் சிறிது. ஆறிய சோறுதானே என்று இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டால் கிடைத்த பயனும் போய்விடும்.

கேள்வி: மகள் பள்ளியிலிருந்து டப்பாவைப் பாதி உணவோடு திருப்பிக் கொண்டுவருகிறாள். என்ன செய்தால் சாப்பிடுவாள்?

பதில்: முதலில் அவளுக்கு உண்மையில் எத்தனை நிமிடம் கிடைக்கிறது என்று கேளுங்கள். கை கழுவி, வரிசையில் நின்று, தோழியருடன் பேசி உட்காரும்போது பாதி நேரம் கரைந்திருக்கும். வீட்டில் எவ்வளவு நேரத்தில் சாப்பிடுகிறாளோ அதில் பாதி நேரத்தில் முடிக்கக் கூடிய அளவை மட்டும் வையுங்கள். பிசைய வேண்டாத, கையில் எடுத்து உண்ணக் கூடிய உணவாக இருக்கட்டும். மூடியை அவளே திறக்க முடிகிறதா என்றும் பாருங்கள். சிறு விரல்களுக்கு அடங்காத மூடியைத் திறக்க வெட்கப்பட்டு உதவி கேட்காமலே இருந்துவிடும் குழந்தைகள் உண்டு. புதிய காய் ஒன்றைக் குழந்தை ஏற்றுக்கொள்ள எட்டுப் பத்து முறைகூட அதைச் சந்திக்க வேண்டியிருக்கும். அந்தச் சந்திப்புகளை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள், பள்ளி டப்பாவில் பழகிய உணவையே வையுங்கள். நான்கைந்து வயதுக்குக் குறைந்த குழந்தை வீட்டில் இருந்தால், முழுத் திராட்சையும் முழுக்கடலையும் தொண்டையில் சிக்கக் கூடியவை என்பதையும் மறக்க வேண்டாம்.

கேள்வி: தினமும் ஒரே மதிய உணவைச் சாப்பிடலாமா?

பதில்: சோறோ ரொட்டியோ அதே இருக்கலாம். காயையும் பருப்பையும் மாற்றுங்கள்.

கேள்வி: அலுவலகத்து மைக்ரோவேவில் சூடாக்கினால் ஓரம் கொதிக்கிறது, நடுவில் குளிர்கிறது. ஏன்?

பதில்: நுண்ணலைகள் உணவின் மேற்பரப்பிலிருந்து ஓரிரு சென்டிமீட்டர் ஆழத்திற்கே வலுவாக ஊடுருவும், அதற்கு உள்ளே சூடு மெல்லத்தான் பரவ வேண்டும். உணவை நடுவில் குழிவிட்டு வளையமாகப் பரப்பி, ஒரு தேக்கரண்டி நீர் தெளித்து, மூடியைத் தளர்வாக வைத்து, பாதி நேரத்தில் வெளியே எடுத்துக் கிளறி, மறுபடியும் சூடாக்கி, ஒரு நிமிடம் அப்படியே விட்டுப் பிறகு உண்ணுங்கள். நடுப்பகுதியும் 70 டிகிரியை எட்ட வேண்டும். அவித்த முட்டையை முழுதாக வைத்துச் சூடாக்க வேண்டாம், வெடிக்கும். மைக்ரோவேவுக்கு ஏற்றது என்று குறிக்கப்படாத பிளாஸ்டிக் டப்பாவிலும் சூடாக்க வேண்டாம்.

கேள்வி: எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் டப்பாவில் ஒரு புளித்த வாடை போகவே மாட்டேன் என்கிறது.

பதில்: மூடியின் ஓரத்தில் உள்ள ரப்பர் வாஷரைக் கழற்றிப் பாருங்கள். அதன் அடியில் எண்ணெய்ப் பிசுக்கும் உணவுத் துணுக்கும், சில சமயம் கரும்புள்ளியாகப் பூஞ்சையும் இருக்கும். ஊசியால் குத்தாமல், கரண்டிக் காம்பின் மழுங்கிய முனையால் நெம்பி எடுத்து, சோப்பும் வெந்நீரும் கொண்டு பழைய பல்துலக்கியால் பள்ளத்தையும் வாஷரையும் தனித்தனியே தேய்த்து, இரண்டும் முழுதாக உலர்ந்த பிறகே மீண்டும் பொருத்துங்கள். இரவில் மூடியை இறுக்கி மூடிவைக்காதீர்கள். வாஷர் விறைத்தோ வெடித்தோ போயிருந்தால் அதை மட்டும் மாற்றினால் போதும். டப்பாவைத் தூக்கிப் போட வேண்டியதில்லை.