வாசகர் கேள்வி – பதில்: கட்டுமானப் பொறியியல்

கேள்வி: மேல்தளக் காங்கிரீட் மறுநாளே கல்லாக இறுகிவிடுகிறது. அதன் பிறகும் பாத்தி கட்டித் தண்ணீரைத் தேக்கி வைக்கிறார்களே, எதற்காக?

பதில்: ஈரம் உலர்வதால் காங்கிரீட் இறுகுகிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில், சிமென்ட் தண்ணீரோடு வினைபுரிந்து புதிய சேர்மங்களாக மாறுவதால்தான் அது வலுப்பெறுகிறது. மறுநாள் ஏறி நடக்கும் அளவுக்குக் கெட்டிப்பட்டிருந்தாலும், அந்த வினை முடிய இன்னும் பல நாட்கள் ஆகும். அதற்குள் வெயிலும் காற்றும் மேற்பரப்பின் ஈரத்தை வாங்கிவிட்டால், வினை பாதியில் நின்று மயிரிழை விரிசல்கள் தோன்றும். பின்னாளில் மழைநீர் அவற்றின் வழியே இறங்கி உள்ளிருக்கும் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்யும். துருவுக்கு இரும்பைவிடக் கன அளவு அதிகம் என்பதால், அது உள்ளிருந்தே நெருக்கிக் கூரையின் அடிப்பூச்சைப் பெயர்த்துவிடுகிறது. சாதாரண சிமென்ட்டுக்குக் குறைந்தது 7 நாட்கள் ஈரம் காக்க வேண்டும். வலிமையைச் சோதித்துப் பார்ப்பது வழக்கமாக 28ஆம் நாளில். ஆனால், கலவை இளக்கமாக இருக்கட்டும் என்று தொடக்கத்திலேயே தண்ணீரைக் கூடுதலாக ஊற்றுவது பெருங்கேடு; உபரி நீர் ஆவியாகி நுண்துளைகளை விட்டுச்செல்லும். வீடு கட்டுவோர் நேரில் நின்று கண்காணிக்க ஒன்றே ஒன்றைச் சொல்லச் சொன்னால், இந்தத் தண்ணீர்க் கணக்கைத்தான் சொல்வேன்.

கேள்வி: பாலத்தில் உள்ள இடைவெளிகளைக் கடக்கும்போது வண்டி ‘தடக்’கென்று குலுங்குகிறது. அவற்றை மூடிவிடக் கூடாதா?

பதில்: கூடாது. 100 மீட்டர் நீளமுள்ள காங்கிரீட் தளம், வெப்பநிலை 30 டிகிரி செல்சியஸ் உயர்ந்தால் சுமார் 3 சென்டிமீட்டர் நீள்கிறது. நீள்வதற்கு இடமில்லையென்றால் அது பாலத்தின் முனைச்சுவர்களை நெருக்கும். (இரும்பும் ஏறக்குறைய அதே அளவில் நீள்வதால்தான் கம்பியும் காங்கிரீட்டும் பிரியாமல் சேர்ந்து உழைக்க முடிகிறது.) குலுக்கல் மிகுதியாக இருந்தால் இணைப்பின் விளிம்புகள் தேய்ந்திருக்கலாம், பழுது பார்க்க வேண்டியது அவற்றைத்தான்.

கேள்வி: மருத்துவர் உயிரைக் காக்கிறார். சிவில் என்ஜினீயர் கட்டடம் கட்டுபவர் மட்டும்தானே?

பதில்: 1858ஆம் ஆண்டுக் கோடையில், தேம்ஸ் நதியில் கலந்த கழிவின் நாற்றம் லண்டனில் நாடாளுமன்ற உறுப்பினர்களையே திணறடித்தது. அதன் பிறகு பொறியாளர் ஜோசப் பேசல்ஜெட், நகரின் கழிவுநீரை நதியில் விழுமுன் தடுத்துக் கிழக்கே வெகுதூரம் கொண்டுசெல்லும் நிலத்தடிக் கால்வாய்களைக் கட்டினார். நாற்றமே நோயைப் பரப்புகிறது என்று பலர் நம்பிய காலம் அது. காரணத்தை அவர்கள் தவறாகப் புரிந்திருந்தாலும், குடிநீரில் கழிவு கலப்பது குறைந்தது. 1866இல் காலரா மீண்டும் பரவியபோது பெரிதும் பாதிக்கப்பட்டது, புதிய அமைப்பு இன்னும் எட்டாதிருந்த கிழக்குப் பகுதிதான்.